செவ்வாய்க்கிழமை மாத்திரை

ஜனவரி 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? “உங்கப்பா நடக்கிறாரு, ஆனா கதவு திறக்கிற சத்தத்தோட நடக்கிறாரு” என்று அம்மா போனில் சொன்னாள். இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் பாதியில் அம்மா போனை வாங்கிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

ஒரு உதவி வேண்டும், அப்பா. நான் இங்கே ஆய்வுக்கூடத்தில் கொக்கிப்புழுவோடு குடும்பம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். ஆனால் ஒரே மண்ணில் ஒரே வேலை செய்கிற பத்துப் பேரைச் சோதித்தால், எட்டுப் பேருக்குப் புழு இருக்கும், இரண்டு பேருக்கு இருக்காது. அந்த இரண்டு பேருக்கு அதிர்ஷ்டமா, இல்லை அவர்கள் உடம்புக்குப் புழுவை விரட்டும் வித்தை தெரியுமா? இதற்குத்தான் பதில் தேடுகிறோம்.

உங்கள் செடி நர்சரியில் இருபத்து நான்கு பேர் வருஷம் முழுக்கப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் ரத்தமும் ஒரு டப்பாவில் மலமும் தர வேண்டும். பிப்ரவரி நடுவில் ஒரு நர்ஸம்மா வருவார். முதலில் படிவத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டி, சம்மதம் உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். டப்பாவில் பெயர் கூடாது, எண் மட்டும்தான். முக்கியமாக, எனக்காக யாரும் எதையும் மாற்ற வேண்டாம். எப்போதும் போலவே இருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டிக்கு எண்ணெய் போடுங்கள், கதவுக்கும்தான்.

அன்புடன்,
மகள்

&nbsp;

பிப்ரவரி 16

மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் சுகம். முட்டியும் சுகம். அது ரொம்ப சுகமாக உட்கார்ந்திருப்பதால்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் வேலை முடிந்தது. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் நர்சரியில் என்னைப் பதினாறாம் வகுப்பு என்றுதான் நினைக்கிறார்கள். ஜனவரி இருபதாம் தேதி திங்கட்கிழமை, எல்லோரையும் நிழல்வலைக்குக் கீழே உட்காரவைத்துப் படிவத்தைப் படித்தேன். ரத்தம் என்றபோது ஒருவரும் அசையவில்லை. டப்பா என்றதும்தான் சபை கலைந்தது.

தண்ணி விடுகிறவர் கேட்டார்: “மேஸ்திரி, அதுல என்ன போடணும்?”

“காலையில போறதுல கொஞ்சம்.”

“போறது போகட்டும்னு விடாம, அத எதுக்குப் பிடிச்சு வைக்கணும்?” இதைக் கேட்டது எதிர்க்கட்சி. உனக்கு ஞாபகம் இருக்கும், பதினெட்டு வருஷமாக ரோஜாப் பாத்தியில் களை எடுக்கிற அம்மா. நான் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவார். மழை வருகிறது என்றால், நனைந்துகொண்டே “எங்க வருது?” என்று கேட்பார். கடைசியில் உன் பெயரைச் சொன்னேன். “நம்ம பாப்பா கேக்குதா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன” என்று அவரும் கைநாட்டு வைத்தார். இருபத்து நான்கும் தேறியது.

எப்போதும் போல இருக்கச் சொல்லியிருந்தாய். இருந்தாலும் நீ பார்க்கப்போகிற சமாச்சாரம். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் கொஞ்சம் கூட்டிப் பெருக்குவோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.

டப்பாக்களை நர்ஸம்மா பன்னிரண்டாம் தேதி எடுத்துப்போனார். பத்திரமாக வந்து சேர்ந்ததா?

இப்படிக்கு,
உன் அப்பா (எண் 1)

&nbsp;

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் பல்வலி குறைந்ததா? முதலில் ஒரு புகார். டப்பாவில் எண் மட்டும் எழுதச் சொன்னேன். ஒன்றாம் எண் டப்பாவின் மேல், எண்ணுக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் “அப்பா” என்று இருக்கிறது. ஆய்வுக்கூடமே சிரித்தது. டப்பாக்களைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியிருந்தீர்கள். இதுதானே உங்கள் சின்ன ஏற்பாடு? நன்றி.

இப்போது சேதி. உட்கார்ந்து படியுங்கள்.

பாதிப் பேருக்காவது புழு இருக்கும் என்று நினைத்தேன். இருபத்து நான்கு பேரில் இரண்டே இரண்டு பேருக்குத்தான், அதுவும் லேசாக. மற்றவர்களிடம் ஒரு முட்டைகூட இல்லை. உங்களுடையதை மட்டும் நான் மூன்று தடவை பார்த்தேன். இல்லை, அப்பா!

இதைவிட ஆச்சரியம் ரத்தத்தில். சாதாரணமாகப் புழு உள்ளே வந்ததும் நம் உடம்பின் காவல்காரர்களைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்துவிடும். அப்புறம் வருஷக்கணக்கில் குடித்தனம்தான். உங்கள் ரத்தத்தில் காவல்காரர்கள் நான்கு மடங்கு நிற்கிறார்கள். அதாவது, புழு உங்கள் காலைத் துளைத்து வந்தது உண்மை, நிறைய வந்திருக்கிறது. ஆனால் குடியேற முடியவில்லை. ஏன் என்று கண்டுபிடித்தால், ஒரு நாள் இதற்குத் தடுப்பூசிகூட வரலாம்.

ஒருவேளை உங்களுக்கெல்லாம் இயற்கையிலேயே ஏதோ பாதுகாப்பு இருக்கிறதோ? எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற மேடம் “அவசரப்படாதே” என்கிறார். ஆனால் அவர் கண்ணாடியை மூன்று தடவை துடைத்ததை நான் பார்த்தேன்.

மகள்

&nbsp;

மார்ச் 20

மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று. பேச்சு குறையும் என்று டாக்டர் சொன்னார், பொய்.

உன் கடிதத்தை டீ நேரத்தில் சத்தம் போட்டுப் படித்தேன். அன்றிலிருந்து என் நடையே வேறு. “இந்தக் காலைப் பாருங்க, ஆராய்ச்சிக் கால்” என்று செடிக்கு ஒட்டுக்கட்டுகிறவரிடம் தூக்கிக் காட்டினேன். ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் செம்பருத்திக் கன்றுகள் மேல் விழுந்தேன். வீட்டில் வந்து அம்மாவிடமும் சொன்னேன். “ஆராய்ச்சிக் காலை வாசல்லயே கழுவிட்டு வா” என்றாள்.

அந்த இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியும். தண்ணி விடுகிறவரும் ஒட்டுக்கட்டுகிறவரும்தான். நான் அவ்வளவு சொல்லியும் ஒழுங்காக மென்று விழுங்காமல்... சரி, அதை விடு. அவர்கள் எப்போதுமே அப்படித்தான்.

ஒரு சந்தேகம். எண்ணிப் பார்த்ததில் தப்பு நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டா? உன் திறமையைச் சொல்லவில்லை. இப்படி ஒரு சேதி வந்தால் அதை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாமா, இல்லை நாலு பேருக்குச் சொல்லியே தீர வேண்டுமா?

அப்பா

&nbsp;

ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

அங்கே வெயில் எப்படி? தொப்பி போடாமல் நிற்காதீர்கள். நான் நலம், தூக்கம்தான் குறைவு. ஆனால் இது சந்தோஷத்தில் வருகிற குறைவு.

நாலு பேரா? ஜூலை நான்காம் தேதி, பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடும் கூட்டத்தில் இருநூறு பேர் முன்னால் இதை நான் பேசப்போகிறேன்! இங்கே இந்த வருஷத்தோடு என் வேலை முடிகிறது. இது நன்றாக அமைந்தால் இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பார்கள். “உன் பேர் இதுல நிக்கும், இல்ல இதுல விழும்” என்று மேடம் சொன்னார். அதனால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை சரிபார்க்கிறோம்.

உங்களிடம் கேட்க நான்கு கேள்விகள்:

நர்சரியில் யாராவது செருப்போ பூட்ஸோ போடுவதுண்டா? குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வேலை நேரத்தில் எல்லோரும் கழிப்பறைதானே பயன்படுத்துகிறீர்கள்? டப்பா கொடுப்பதற்கு முன்னால் யாராவது பூச்சி மாத்திரை சாப்பிட்டார்களா? படிவத்தில் எல்லோரும் “இல்லை” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் மேடம் கேட்கச் சொன்னார்.

சீக்கிரம் எழுதுங்கள்.

மகள்

&nbsp;

மே 25

மகளுக்கு அப்பா எழுதுவது.

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பேனாவில் மை தீர்ந்துவிட்டது. பிறகு மை வந்தது, பேனாவைக் காணோம்.

உன் கேள்விகளுக்குப் பதில். செருப்பு யாரும் போடுவதில்லை, பாத்தியில் சிக்கும். தண்ணீர் குழாயில் வருகிறது. ரோஜா இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. அம்மாவுக்குப் பல் கட்டியாயிற்று, சிரித்தால் புது ஆள் மாதிரி இருக்கிறாள். எதிர்க்கட்சிக்கும் எனக்கும் மூன்று நாளாகப் பேச்சில்லை. சாணி உரம் ஈரமாக இருக்கிறது என்றேன், அதற்குத்தான். முட்டிக்கு நீ சொன்ன எண்ணெய் போடுகிறேன்.

நாலாம் தேதி கூட்டத்தைத் தள்ளிப்போட முடியுமா? சும்மாதான் கேட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா

&nbsp;

ஜூன் 10

அம்மாடிக்கு,

சுகமா என்று கேட்கக்கூட இன்று கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

உன் நான்கு கேள்வியில் இரண்டுக்குத்தான் பதில் எழுதினேன். மற்ற இரண்டுக்கு ரோஜாவையும் பல்லையும் எழுதினேன். நேற்று என் பழைய சட்டைப் பையிலிருந்து அம்மா காலி மாத்திரை அட்டைகளை எடுத்துவிட்டாள். ஐந்து அட்டை. “இதென்ன, ஊருக்கே வைத்தியமா?” என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் போன் பண்ணட்டுமா?” என்றாள். எழுதுகிறேன்.

நாங்கள் மாத்திரை சாப்பிட்டோம். எல்லோரும்.

படிவத்தில் “இல்லை” என்று எழுதியது திங்கட்கிழமை. அன்றைக்கு அது உண்மை. மாத்திரை செவ்வாய்க்கிழமை. இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து ஐந்து மாதம் அதற்குள் குடியிருந்தேன். மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கினேன். எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, “நம்ம பாப்பா பாக்கப்போகுது, மானத்த வாங்கிடாதீங்க” என்று சொல்லி, ஆளுக்கு ஒன்று என் கண் முன்னால் விழுங்கவைத்தேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். எதிர்க்கட்சிகூட எதிர்க்காமல் விழுங்கினார். அப்போதே எனக்கு ஏதோ தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். கழிப்பறைக் கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவும் வந்துவிடும்.

நர்சரியில் ஒரு கழிப்பறை உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம்... இல்லை, பொய் வேண்டாம், இருபது வருஷத்துக்கு முன்னால் தொட்டி வைக்க இடமில்லை என்று அதற்குள் மண் தொட்டிகளை அடுக்கினேன். நான்தான். அன்றிலிருந்து எல்லோரும் பின் வேலிக்கு அந்தப் பக்கம் போகிறோம். மழை பெய்தால் அங்கே இருப்பது பாத்திக்கு வரும்.

உனக்கு அப்போது பதினோரு வயது. லீவு விட்டால் என் பின்னாலேயே வெறுங்காலோடு பாத்தியில் நடப்பாய். அந்த வருஷம் வகுப்பில் தலை கவிழ்ந்து தூங்குகிறாய் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். நான் உன்னைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் விளையாட்டுக்கு, அப்புறம் கோபத்தில். ஒரு நாள் நாற்றுப் பைகளுக்கு நடுவில் மயங்கி விழுந்தாய். டாக்டர் உன் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, “இந்தப் பொண்ணு உடம்புல ரத்தமே இல்லையே, யார் குடிச்சது?” என்று கேட்டார். ஒரு மாத்திரையும் சத்து மருந்தும் கொடுத்தார். மூன்று மாதத்தில் நீ மதில் ஏறிக் குதித்தாய். அதற்குப் பிறகு உன்னை நான் பாத்திக்குக் கூட்டிப்போகவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். தொட்டிகளை மட்டும் எடுக்கவில்லை.

நீ டப்பா அனுப்பியபோது, அதே புழுவை நீ என்னிடம் பார்த்துவிடக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

இருநூறு பேர் முன்னால் நீ இதைப் பேசாதே. என் கால் ஆராய்ச்சிக் கால் இல்லை, வெறுங்கால்தான்.

உன் அப்பா

&nbsp;

ஜூலை 15

மகளுக்கு,

இங்கே நலம். கடிதம் கிடைத்ததா? அம்மாவோடு போனில் பேசினாய் என்று அம்மா சொன்னாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருப்பது தெரியட்டும் என்று இரண்டு தடவை இருமினேன்.

நாலாம் தேதி போயிற்றா? அம்மாவிடம் கேட்டேன். “அத நீங்களே கேளுங்க” என்றாள். கேட்கிறேன்.

அப்பா

&nbsp;

ஆகஸ்ட் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள். போனில் நன்றாகக் கேட்டது.

இரண்டு மாதம் எழுதவில்லை. கோபம்தான், மறைக்கவில்லை. உங்கள் கடிதத்தை மேடத்திடம் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். படித்து முடித்துவிட்டு அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. நாலாம் தேதி நான் பேசவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, “நான் சொன்னது செல்லாது” என்று சொன்னேன்.

அன்று ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன், உங்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பதினோரு வயதில் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்: “அப்பாவும் அதே மண்ணுலதானே நிக்கிறாரு, அவருக்கு ஏன் ஒண்ணும் ஆகல?” அம்மா, “அவர் உடம்பு வேற” என்றாள். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். உங்கள் டப்பாவில் முட்டை இல்லை என்றதும், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டுவிட்டேன். நாற்றுப்பண்ணை முழுக்கப் புழு இல்லை என்றால் எந்த ஆராய்ச்சியாளரும் முதலில் மாத்திரையைத்தான் நினைப்பார். நான் உங்களை நினைத்தேன். எனவே பாதித் தப்பு என்னுடையது. பாதிதான்.

இனி நடக்க வேண்டியது. போன வாரம் மேடம் திடீரென்று கேட்டார், “உங்கப்பா எல்லாரையும் ஒரே நாள்ல முழுங்க வெச்சாரா? தேதி நிச்சயமா?” ஏனென்றால், நாங்கள் அடுத்ததாகச் செய்ய நினைத்திருந்ததே அதுதான். எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்ற வேண்டும். சில மாதம் கழித்து யாருக்கு மறுபடி வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும். இதை நீங்கள் கேட்காமலேயே, தப்பாக, அனுமதி இல்லாமல் செய்துவைத்திருக்கிறீர்கள்.

புதிய படிவம் அனுப்புகிறேன். உண்மையை எல்லோரிடமும் சொல்லி, மறுபடி சம்மதம் கேளுங்கள். நிஜமாகவே விழுங்கினார்களா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். செப்டம்பரில் நர்ஸம்மா வருவார்.

தொட்டிகளை எடுங்கள், அப்பா.

மகள்

&nbsp;

செப்டம்பர் 14

மகளுக்கு அப்பா எழுதுவது.

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் எட்டாம் வகுப்பு ஞாபகம் வரும்.

முதலில் தொட்டி. ஒன்பது பேர், மூன்று நாள், தொட்டி இறக்கினோம். மூன்றாம் நாள் பார்த்தால், ஆச்சரியம், உள்ளே ஒரு கழிப்பறை இருந்தது! கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்தாயிற்று. முதல் ஆளாகத் தண்ணி விடுகிறவர் போனார். வெளியே வந்து, “உள்ள நிம்மதியா இருக்கு மேஸ்திரி, யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க” என்றார். இப்போது அவரைத் தேடினால் அங்கேதான் இருக்கிறார்.

பிறகு நிழல்வலைக்குக் கீழே எல்லோரையும் உட்காரவைத்து, நின்றுகொண்டு சொன்னேன். “நான் செஞ்சது தப்பு. உங்களையும் அதுல சேர்த்து இழுத்துட்டேன். பாப்பா வேலைக்கே உலை வெச்சுட்டேன்.” ஒட்டுக்கட்டுகிறவர் தரையைப் பார்த்தார். அப்போது ரோஜாப் பக்கமிருந்து ஒரு குரல்:

“நான் எங்க முழுங்கினேன்?”

எதிர்க்கட்சி.

“வாயத் திறந்து காட்டினீங்களே!”

“காட்டினேன். நாக்குக்கு அடியில யாரு பாக்கச் சொன்னது? நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் ரோஜாத் தொட்டியில துப்பிட்டேன். எனக்கு என்ன வியாதி, மாத்திரை முழுங்க?”

“அத ஏன் அப்பவே சொல்லல?”

“கேட்டீங்களா? முழுங்கு, முழுங்குன்னு சொன்னீங்க. முழுங்கிட்டியான்னு கேக்கலியே.”

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது. கையில் களைக்கொத்து வைத்திருந்ததால் விட்டுவிட்டேன். வேறு எந்த மாத்திரையாவது எப்போதாவது சாப்பிட்டதுண்டா என்றேன். “தலைவலிக்கே சாப்பிட்டதில்ல, தலைவலியே வந்ததில்ல, எல்லாம் நான் அடுத்தவங்களுக்குக் குடுக்கிறதுதான்” என்றார். உண்மை.

மற்றவர்களைத் தனித்தனியாகக் கேட்டேன். இருபத்து மூன்று பேரும் விழுங்கியது நிஜம். புதிய படிவத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை உட்பட. டப்பாக்களை நர்ஸம்மா எடுத்துப்போனார். இந்தத் தடவை துடைக்கவில்லை, சுற்றவில்லை, பெயரும் எழுதவில்லை.

அப்பா

&nbsp;

நவம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், நன்றாகத் தூங்குகிறேன். நீங்கள்?

எல்லோருடைய முடிவும் தனித்தனி உறையில் வருகிறது. பிரிக்காமல் அவரவர் கையில் கொடுங்கள். புழு உள்ளவர்களுக்கு நர்ஸம்மா மருந்து தருவார். மொத்தம் பதினாறு பேருக்கு மறுபடி வந்திருக்கிறது. எட்டு மாதத்தில் இவ்வளவு.

உங்கள் உறையைப் பிரிக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு பேரில் அதிகப் புழு உங்களுக்குத்தான். இரண்டாவது இடத்தில் இருப்பவர் கிட்டேகூட வரவில்லை. பாத்தியில் எல்லோரையும்விட அதிக நேரம் நிற்பது மேஸ்திரிதான் என்பதற்கு இனி அறிவியல் சாட்சி இருக்கிறது. உங்கள் காவல்காரர்கள் நான்கு மடங்கு நின்றது உண்மை. நின்றார்கள், வேலை செய்யவில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது, அப்பா. சத்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இனி பதினேழாம் எண். தன் முடிவை எல்லோருக்கும் சொல்லலாம் என்று அவர் நர்ஸம்மாவிடம் கைநாட்டு வைத்திருக்கிறார். பிப்ரவரியில் மருந்து இல்லாமலே புழு இல்லை. செப்டம்பரிலும் இல்லை. ஆனால் புழு அவர் தோலைத் துளைத்து வந்த அடையாளம் ரத்தத்தில் நிறைய இருக்கிறது. அவருடைய அணுக்களுக்கு எதிரில் புழுக்குஞ்சைக் காட்டினால், மற்றவர்களுடையது சும்மா இருக்கிறது, இவருடையது சண்டைக்குப் போகிறது. இப்படி ஒன்றை மேடமே மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறாராம். ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒருவரை வைத்து ஆரம்பிக்கலாம். அடுத்த வருஷமும் எனக்கு இங்கே வேலை உண்டு என்று நேற்றுச் சொன்னார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதினோம், அதைப் படித்த பிறகுதான் சொன்னார்கள்.

பதினேழாம் எண்ணிடம் இன்னும் கொஞ்சம் ரத்தம் வேண்டும். கட்டாயம் இல்லை என்று சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த மாதம் லீவுக்கு வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் ஆய்வுக்கூடம் பூட்ஸ் அனுப்புகிறது. எனக்கும் ஒரு ஜோடி வாங்கிவையுங்கள். பாத்திக்கு வர வேண்டும்.

உங்கள்
தூங்குமூஞ்சி

&nbsp;

நவம்பர் 18

தூங்குமூஞ்சிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இந்தப் பெயரை எழுதியதும் பேனா கொஞ்சம் நின்றது. மை தீரவில்லை. அம்மா சுகம். நான் சுகம், என்னுள் இருக்கும் அத்தனை பேரும் நேற்று வரை சுகம்.

உறைகளைக் கொடுத்தேன். எதிர்க்கட்சி தன்னுடையதை ஒட்டுக்கட்டுகிறவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பிறகு என்னுடையதைப் படிக்கச் சொன்னார். படித்தார்கள். சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. “மேஸ்திரி தனியா ஒரு நர்சரி வெச்சிருக்காரு” என்றார் தண்ணி விடுகிறவர். ஆராய்ச்சிக் கால் இப்போது பூட்ஸுக்குள் இருக்கிறது. எல்லோருக்கும் வந்துவிட்டது. வாத்து மாதிரி நடக்கிறோம். வாத்துக்காவது முட்டி வலி கிடையாது.

ரத்தம் கேட்டேன், கட்டாயமில்லை என்றும் சொன்னேன்.

“முடியாது” என்றார் எதிர்க்கட்சி.

“சரி, வேண்டாம், விடுங்க.”

“ஏன் வேண்டாம்? என் ரத்தத்துக்கு என்ன குறைச்சல்? பாப்பாவுக்குத்தானே?” என்று நர்ஸம்மாவிடம் கையை நீட்டிவிட்டார். நர்ஸம்மா பயந்து இரண்டு தடவை சம்மதம் கேட்டார். இரண்டாம் தடவை, “எத்தன வாட்டி சொல்றது?” என்று திட்டு வாங்கினார். உன் மேடத்திடம் சொல், புழு அந்த உடம்பில் ஏன் தங்கவில்லை என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. நானே பக்கத்துப் பாத்தியில்தான் நிற்கிறேன்.

உனக்குப் பூட்ஸ் வாங்கிவிட்டேன். அளவு தெரியாமல் அம்மாவிடம் கேட்டேன். அவள் உன் பதினோரு வயதுச் செருப்பை எடுத்துவந்து காட்டினாள். அதைவிடப் பெரிதாகவே வாங்கினேன்.

கடைசியாக ஒன்று, எழுதிவைத்துக்கொள். இன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, நர்ஸம்மா கொடுத்த பூச்சி மாத்திரையை மென்று விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன். நாக்கைத் தூக்கியும் காட்டினேன். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதால் எதிர்க்கட்சியைப் பக்கத்தில் நிற்கவைத்தேன். அவர் சொல்வதை அப்படியே கீழே எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்புகிறேன்.

உன் அப்பா

சாட்சி: “நான் சரியாப் பாக்கல.”